பழைய ஸ்விஃப்ட்டுக்கு நல்ல சவுண்டு வேணும்னா காசை முதல்ல கதவுல போடுங்க

தம்பி, உங்க கேள்வி இதுதானே. வண்டி 2009 ஸ்விஃப்ட் பெட்ரோல், அப்ப ஷோரூம்ல போட்டு குடுத்த சிங்கிள் டின் (அதாவது ஒத்தை அடுக்கு உயரம் இருக்கற) சிடி ப்ளேயர், நாலு கதவுலயும் சாதா ஸ்பீக்கர், அதுல முன்னாடி இடது பக்கம் கரகரங்குது. கேக்கறது முக்கால்வாசி 80கள் பாட்டு, அப்பா அம்மா வந்தா கச்சேரி. பட்ஜெட் 30,000. கடையில சொன்ன கொட்டேஷன் 10 இன்ச் ஆண்ட்ராய்டு ஸ்கிரீன், பின்னாடி ட்ரேல 6க்கு 9 இன்ச் ஓவல் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, டிக்கியில பேஸ் ட்யூப் (உருளை பெட்டில வர்ற பேஸ் ஸ்பீக்கர்), எல்லாம் சேர்த்து 32,000. போடலாமான்னு கேட்டிருக்கீங்க.

வேண்டாம். அந்த மூணையும் போட்டா சத்தம் ஜாஸ்தியாகும், பாட்டு நல்லா கேக்காது. அதே காசுல வேற வழியில போனா நிஜமாவே உக்காந்து கேக்கற மாதிரி ஒரு செட்டப் கிடைக்கும், அதை ஏன் எப்படின்னு விவரமா சொல்றேன், கொஞ்சம் நீளமாதான் போகும்.

முதல்ல அந்த கரகர. எதையும் வாங்கறதுக்கு முன்னாடி அது எங்கிருந்து வருதுன்னு பாருங்க. பேலன்ஸை முழுசா இடது பக்கம் தள்ளி, ஃபேடரை முன்னாடி தள்ளி, மெதுவான சவுண்டுல கேளுங்க. மெதுவா வெச்சாலும் கரகரன்னா ஸ்பீக்கர் போயிடுச்சு, இத்தனை வருஷ வெயில்லயும் மழையிலயும் கோனை சுத்தி இருக்கற ரப்பரோ ஃபோமோ கிழிஞ்சிருக்கும், இல்லன்னா காயில் உரசும். சத்தம் வெச்சா மட்டும் அதிருதுன்னா அது ஸ்பீக்கரே இல்லாம இருக்கலாம், டோர் பேடோட, அதாவது கதவு உள்பக்க அட்டையோட கிளிப் உடைஞ்சு பேடு தகட்டுல அடிக்கிற சத்தம், கையால டோர் பேடை அழுத்தி பிடிச்சா நின்னுடும். இன்னொண்ணு, கதவை திறந்து மூடும்போது சவுண்டு விட்டு விட்டு வருதுன்னா கதவுக்கும் பாடிக்கும் நடுவுல ரப்பர் குழாய்க்குள்ள போற ஒயர் உள்ளுக்குள்ளயே அறுந்திருக்கு, பழைய வண்டில இது ரொம்ப சகஜம். அப்படி இருந்தா எவ்ளோ விலை ஸ்பீக்கர் போட்டாலும் அதே கதைதான், ஒயரை மாத்தணும்.

இப்ப கதவு விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா நான் சொல்ல வர்றதுல முக்காவாசி இதுதான். வீட்ல இருக்கற ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருக்கு. கார்ல அந்த பெட்டி வேலையை செய்யறது கதவு. ஸ்பீக்கர் கோன் முன்னாடி தள்ளும்போது பின்னாடி எதிர் அலை உண்டாகுது, அந்த பின்பக்க அலை முன்பக்கம் வந்து கலந்தா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும், அதுல முதல்ல காணாம போறது பேஸ். உங்க கதவோட டோர் பேடை கழட்டி பாத்தீங்கன்னா தெரியும், உள் தகட்டுல கை போற அளவுக்கு பெரிய பெரிய ஓட்டை, அது மேல ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு, அதுவும் எப்பவோ பவர் விண்டோ ரிப்பேருக்கு கழட்டினப்ப பாதி கிழிஞ்சிருக்கும். தோல் கிழிஞ்ச தவில்ல யார் வாசிச்சாலும் நாதம் வராது, அந்த கதவுல 20,000 ரூபா ஸ்பீக்கர் மாட்டினாலும் அப்படித்தான்.

அதனால முன் கதவு ரெண்டுக்கும் டேம்பிங் பண்ணுங்க, அதாவது தகடு அதிராம இருக்க ரப்பர் ஷீட்டு ஒட்டறது. வெளி தகட்டோட உள்பக்கம், ஸ்பீக்கருக்கு நேர் பின்னாடி நல்லா ஒரு ஷீட்டு, மத்த இடத்துல அங்கங்க ஒட்டினா போதும், மொத்த பரப்புல கால் பங்குல இருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் ஒட்டினாலே தகடு அதிர்றது அடங்கிடும், முழுசா ஒட்டி கதவு வெயிட்டை ஏத்த வேண்டியதில்ல. விரலால வெளிப்பக்கம் தட்டி பாருங்க, முன்னாடி டொங்குன்னு கேட்டது இப்ப தொப்புன்னு கேக்கும். அப்புறம் உள் தகட்டு ஓட்டையெல்லாம் அடைக்கணும், சின்னதை ஷீட்டாலயே மூடலாம், பெரிய ஓட்டைக்கு அலுமினிய தகடோ கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டோ வெட்டி ஸ்க்ரூ போட்டு, ஓரத்துல ஷீட்டு ஒட்டி மூடுங்க. ஏன் ஸ்க்ரூன்னா நாளைக்கு விண்டோ மெஷின் போச்சுன்னா மெக்கானிக் உள்ள கை விடணும்ல.

ஷீட்டு வாங்கும்போது ப்யூட்டைல் ரப்பர் மேல அலுமினியம் ஃபாயில் ஒட்டினதுதானான்னு கேட்டு வாங்குங்க. மொட்டை மாடி லீக்குக்கு ஒட்டற தார் ஷீட்டை டேம்பிங்னு சொல்லி விலை கம்மியா ஒட்டிடுவாங்க சில இடத்துல, நம்மூர் மே மாச வெயில்ல நிறுத்தின வண்டிக்குள்ள அது இளகி வழியும், தார் நாத்தம் அடிக்கும், ஒரு தடவை ஒட்டிட்டா பிச்சு எடுக்கறது பெரும்பாடு. ஒட்டறதுக்கு முன்னாடி தகட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் போட்டு நல்லா துடைக்கணும், ரோலர் வெச்சு அழுத்தணும். கதவோட அடியில தண்ணி போற ஓட்டை இருக்கும், அதை மட்டும் எந்த காரணத்துக்கும் மூடக்கூடாது, மூடினா ஒரே மழைக்காலத்துல கதவு அடி துருபிடிச்சு தூளாகிடும். ஏற்கனவே துரு ஆரம்பிச்சிருந்தா அதை முதல்ல சுரண்டி ப்ரைமர் அடிச்சுட்டு அப்புறம் சவுண்டு வேலை. டோர் பேடு கிளிப் ஒரு பாக்கெட் முன்னாடியே வாங்கி வெச்சுக்கோங்க, பழைய கிளிப் கழட்டும்போது பாதி உடையும், உடைஞ்சதோட திருப்பி மாட்டினா புது செட்டு போட்ட மறுநாளே லொட லொட.

அடுத்தது முன்னாடி ஸ்பீக்கர். 6.5 இன்ச் காம்பொனென்ட் ஒரு ஜோடி வாங்குங்க, அதாவது கீழ் சவுண்டுக்கு ஊஃபர் தனி, மேல் சவுண்டுக்கு ட்வீட்டர் தனி, நடுவுல ரெண்டுக்கும் பிரிச்சு அனுப்பற க்ராஸ்ஓவர். ட்வீட்டர் மேல சைடு மிரர் பக்கத்துல இருக்கற முக்கோணத்துலயோ டேஷ்போர்டு ஓரத்துலயோ வந்தா குரல் முழங்கால்கிட்ட இருந்து வராம கண் மட்டத்துல வரும், இந்த ஒரு வித்தியாசத்தையே நீங்க முதல் நிமிஷத்துல கவனிப்பீங்க. ஸ்பீக்கர் தேர்ந்தெடுக்கும்போது அட்டைப்பெட்டில பெருசா போட்டிருக்கற 300 வாட் 350 வாட்டை பாக்காதீங்க, சின்ன எழுத்துல ஆர்எம்எஸ்னு 50, 60 போட்டிருக்கும், தொடர்ந்து தாங்கற பவர் அது, அதுதான் கணக்கு. அதோட சென்சிட்டிவிட்டியும் பாருங்க, அதாவது ஒரே பவருக்கு எவ்ளோ சத்தம் குடுக்குதுங்கறது, 88 டெசிபல் ஸ்பீக்கரை விட 91 டெசிபல் ஸ்பீக்கர் அதே சத்தத்துக்கு பாதி பவர்தான் கேக்கும், ஏன்னா 3 டெசிபல் கூடணும்னா பவர் ரெட்டிப்பாகணும். வாங்கறதுக்கு முன்னாடி ஆழத்தையும் அளந்துடுங்க, மேக்னெட் பெருசா இருந்து கதவு கண்ணாடி இறங்கும்போது இடிச்சா அவ்ளோதான். ஸ்பேசர் ரிங் போட்டு கொஞ்சம் வெளிய தள்ளலாம், ஆனா எம்டிஎஃப் பலகைல வெட்டின ரிங் வேண்டாம், கதவுக்குள்ள மழைத்தண்ணி இறங்கத்தான் செய்யும், அது ஊறி உப்பிடும். பிளாஸ்டிக் ரிங் கேளுங்க. மாட்டும்போது பிளஸ் மைனஸ் மாறிடக்கூடாது. ஒரு பக்கம் மட்டும் மாறினா பேஸ் காணாம போயிடும், ஆனா சவுண்டு வர்றதால யாருக்கும் சந்தேகம் வராது. 1.5 வோல்ட் பேட்டரி எடுத்து பிளஸ்ஸை பிளஸ் ஒயர்லயும் மைனஸை மைனஸ் ஒயர்லயும் லேசா தொட்டு பாத்தா கோன் வெளிய வரணும், உள்ள போச்சுன்னா மாத்தி போட்டிருக்காங்க.

பின்னாடி ஓவல் ஏன் வேண்டாங்கறேன்னா, அந்த பழக்கம் அம்பாசடர் பத்மினி காலத்து வண்டில இருந்து வந்தது, அதுல பின் சீட்டுக்கு பின்னால அசையாத ஷெல்ஃப் இருந்துச்சு, கீழ டிக்கி பெட்டி மாதிரி இருந்துச்சு, கதவுல ஸ்பீக்கருக்கு இடமே இல்ல. ஸ்விஃப்ட் ட்ரே அப்படி இல்ல, டிக்கி கதவோட தூக்கற லேசான பலகை. அதுல ப்ளைவுட் அடிச்சு ரெண்டு ஓவலை மாட்டினா, சடன் பிரேக் போடும்போது அந்த கனம் மொத்தமும் பின் சீட்டுல உக்காந்திருக்கற அப்பா அம்மா தலைக்கு பின்னாடிதான் இருக்குங்கறதை யோசிச்சு பாருங்க. பாட்டு கணக்குலயும் அது தப்பு, பாடறவங்க நமக்கு முன்னாடி இருக்கணும், காதுக்கு பின்னாடி இருந்து குரல் வந்தா எவ்ளோ நல்ல ஸ்பீக்கரா இருந்தாலும் மனசு ஒட்டாது. பின் கதவு ஸ்பீக்கர் வேலை செஞ்சா அப்படியே விடுங்க, ஃபேடரை முன்னாடி கொஞ்சம் தள்ளி வெச்சுக்கோங்க, பின்னாடி உக்கார்றவங்களுக்கு அது போதும்.

பேஸ் ட்யூப் பத்தி. நீங்க கச்சேரி கேக்கறவர், அதனால மிருதங்கத்தை வெச்சே சொல்றேன். தொப்பி பக்கம், அதாவது இடது தோல்ல கும்கி விழும்போது அந்த சத்தம் ஒரே இடத்துல நிக்காது, வழுக்கிட்டு மேல ஏறும், அந்த வழுக்கல்தான் அதோட அழகே. விலை கம்மி பேஸ் ட்யூபை ஒரு குறிப்பிட்ட ஃப்ரீக்வன்சியை சுத்தி பலமா அடிக்கற மாதிரி ட்யூன் பண்ணியிருப்பாங்க, அதனால கும்கி, கிக் ட்ரம், பேஸ் கிட்டார் எது வந்தாலும் ஒரே நோட்டுல டும் டும்னு வரும். 80கள் பாட்டுல பேஸ் கிட்டார் எவ்ளோ நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும், பாட்டுக்கு கீழ தனியா ஒரு மெட்டு மாதிரி ஓடும். பேஸ் கிட்டாரோட நாலு கம்பியும் திறந்த நிலைல சுமாரா 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ், விரல் வெச்சா அதுக்கு மேல. நல்லா அடைச்ச கதவுல ஒரு 6.5 இன்ச் ஊஃபர் 70 ஹெர்ட்ஸ் வரைக்கும் தாராளமா இறங்கும், ஆக அந்த லைன்ல பெரும்பாலான நோட்டும், அதோட மேல் ஸ்வரங்களும் சப்ஊஃபர் (அடி பேஸுக்கு மட்டும் வைக்கற தனி ஸ்பீக்கர்) இல்லாமயே தெளிவா கேட்டுடும். அதனாலதான் உங்க ரசனைக்கு கதவு முதல்ல, சப்ஊஃபர் கடைசிலங்கறேன். பிற்பாடு வேணும்னு தோணிச்சுன்னா சீட்டுக்கு அடியில வைக்கற மெல்லிசான ஆக்டிவ் சப்ஊஃபரோ (உள்ளயே ஆம்ப்ளிஃபையர் இருக்கறது), டிக்கியில மூடின பெட்டியில 8 இல்ல 10 இன்ச்சோ போட்டு, 80 ஹெர்ட்ஸுக்கு கீழ மட்டும் அதுக்கு குடுங்க, அளவா வெச்சா அது இருக்கறதே தெரியாம பாட்டு மட்டும் நிறைஞ்சு கேக்கும்.

ஸ்கிரீன். மேப்பும் ரிவர்ஸ் கேமராவும் முக்கியம்னா ஸ்கிரீன் வாங்கறதுல தப்பே இல்ல, அது வேற தேவை. ஆனா சவுண்டுக்காக வாங்காதீங்க. விலை கம்மி ஆண்ட்ராய்டு செட்டுல காசு பூரா ஸ்கிரீனுக்கே போயிடுது, ஆடியோ பக்கம் மிச்சம் ஒண்ணும் இருக்காது. எந்த செட்டா இருந்தாலும் முகப்புல 50 வாட் இன்டு 4ன்னு இருக்கும். இன்ஜின் ஓடும்போது வண்டில இருக்கறது 14.4 வோல்ட், ஸ்பீக்கரோட மின்தடை 4 ஓம். 14.4ஐ 14.4ஆல பெருக்கி 4ஆல வகுத்தா 51.8 வரும், அந்த 50 எங்கிருந்து வந்துச்சுன்னு புரிஞ்சுதா, சவுண்டு முழுசா உடைஞ்சு சதுர அலையா போனா கிடைக்கற நம்பர் அது. சுத்தமான சைன் அலைக்கு கணக்கு போட்டா அதுல பாதி, சுமார் 26 வாட், உள்ள ஆகற நஷ்டம் போக கைக்கு வர்றது 18, 20தான். 3,000 ரூபா செட்டோ 30,000 ரூபா செட்டோ, உள்ளயே இருக்கற சாதாரண ஆம்ப்னா (ஆம்ப்ளிஃபையர்) இந்த எல்லையை தாண்ட முடியாது, வண்டியோட வோல்டேஜ் அவ்ளோதான்.

அதனால உங்க இப்ப இருக்கற செட்டை வெளிய இழுத்து பின்னாடி ஆர்சிஏ அவுட், அதாவது வெளி ஆம்ப்புக்கு சிக்னல் போற வட்ட சாக்கெட், இருக்கான்னு பாருங்க. இருந்தா அதையே வெச்சு ஆரம்பிக்கலாம். இல்லன்னா பயனீர், சோனி, கென்வுட் மாதிரி கம்பெனியோட ப்ளூடூத் இருக்கற சிங்கிள் டின் ஒண்ணு, ஹை பாஸ் ஃபில்டர் (ஸ்பீக்கருக்கு அடி பேஸ் போகாம தடுக்கறது) இருக்கான்னு கேட்டு வாங்குங்க, ஒவ்வொரு ஸ்பீக்கர் சவுண்டையும் தனித்தனியா தாமதிக்கற டைம் அலைன்மென்ட் இருந்தா இன்னும் விசேஷம். நாம வலது பக்கம் உக்கார்றோம், வலது ஸ்பீக்கர் கிட்ட, இடது ஸ்பீக்கர் தூரம், ஒரு 45 சென்டிமீட்டர் வித்தியாசம்னு வெச்சாலும் இடது பக்க சவுண்டு 1.3 மில்லிசெகண்ட் லேட்டா வருது. வலது பக்கத்தை அவ்ளோ நேரம் தாமதிச்சு விட்டா பாடறவர் நேரா ஸ்டியரிங்குக்கு முன்னாடி வந்து நிப்பார். அந்த செட்டிங் இருக்கற செட்டை வாங்கிட்டு அதை தொடாமயே ஓட்டறவங்க நிறைய பேர் இருக்காங்க, நீங்க அளவு டேப் எடுத்து அளந்து வெச்சுக்கோங்க.

ஆம்ப் நாலு சேனல் க்ளாஸ் டி (கரண்ட்டை கம்மியா வீணாக்கற வகை), சேனலுக்கு 50 வாட் ஆர்எம்எஸ் போதும். சத்தத்துக்காக மட்டும் இல்ல, 20 வாட் செட்டு திணறி உடையற இடத்துல இது நிதானமா குடுக்கும். முதல் ரெண்டு சேனல் முன்னாடிக்கு, மூணாவது நாலாவது இப்போதைக்கு சும்மா இருக்கட்டும், பிற்பாடு சப்ஊஃபர் வந்தா ப்ரிட்ஜ் பண்ணி, அதாவது ரெண்டு சேனலையும் ஒண்ணா சேத்து, அதுக்கு. பழைய வண்டி ஆல்டர்னேட்டர் தாங்குமான்னு கேட்டிருந்தீங்க. நாலு சேனலும் முழு மூச்சா ஓடினாலே 200 வாட், நஷ்டம் சேத்து 18 ஆம்பியர் கிட்ட, பாட்டு ஓடும்போது சராசரி அதுல ஒரு பங்குதான், தாங்கும். ஆனா முன்கூட்டியே மல்டிமீட்டர் வெச்சு பாருங்க, இன்ஜின் ஆஃப்ல பேட்டரி 12.6 வோல்ட் கிட்ட, இன்ஜின் ஓடும்போது 13.8ல இருந்து 14.4, ஏசியும் ஹெட்லைட்டும் போட்டு ஐடில்ல விட்டாலும் 13க்கு கீழ இறங்கக்கூடாது. இறங்கினா முதல்ல பேட்டரி டெர்மினலையும் இன்ஜின் எர்த் ஒயரையும் சுத்தம் பண்ணி இறுக்குங்க, அப்பவும் சரியாகலன்னா ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டிட்டு அப்புறம் சவுண்டுக்கு வாங்க.

ஒயரிங், இதுல மட்டும் கொஞ்சம் கூட விட்டுக்குடுக்காதீங்க, ஏன்னா இங்க தப்பு நடந்தா வண்டி எரியும். பேட்டரி ப்ளஸ்ல இருந்து ஆம்ப்புக்கு 8 கேஜ் (தடிமன் அளவு) ஒயர், பேட்டரில இருந்து 45 சென்டிமீட்டருக்குள்ள ஃப்யூஸ், 40 ஆம்பியர் போதும். அந்த ஃப்யூஸ் ஆம்ப்பை காப்பாத்த இல்ல, ஒயரை காப்பாத்த. ஒயர் ஃபயர்வால், அதாவது இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகடு, தாண்டற இடத்துல ரப்பர் க்ரோமெட் (ஓட்டைக்கு போடற வளையம்) கட்டாயம் வேணும், இல்லன்னா தகட்டு விளிம்பு நாளாவட்டத்துல மேல் உறையை அறுத்து நேரா பாடில ஷார்ட் ஆகும், அப்ப ஃப்யூஸ் பேட்டரிக்கு பக்கத்துல இல்லாம ஆம்ப்புக்கு பக்கத்துல இருந்தா ஒரு பிரயோஜனமும் இல்ல. ஒயர் கிட்ல காப்பர் மாதிரி தெரியறது பாதி நேரம் அலுமினியத்து மேல காப்பர் பூசினது, ஒரு இழையை பிளேடால சுரண்டினா உள்ள வெள்ளையா தெரியும். அது முழு காப்பர்ல மூணுல ரெண்டு பங்குதான் கரண்ட்டை கடத்தும், அதுதான் கிடைக்குதுன்னா ஒரு சைஸ் தடிமனா போடணும். எர்த் ஒயர் குட்டையா, பெயின்ட்டை சுரண்டி வெறும் தகட்டுல லக் (ஒயர் முனைல மாட்டற உலோக வளையம்) போட்டு போல்ட்டு. பவர் ஒயர் ஒரு பக்கம், ஆர்சிஏ மறுபக்கமா இழுக்கணும். இன்ஜின் ஆர்பிஎம் ஏற ஏற கூடவே ஒரு ஊய்ங்னு சத்தம் வந்துச்சுன்னா தொண்ணூறு சதவீதம் எர்த் சரியில்லன்னு அர்த்தம், நாய்ஸ் ஃபில்டர்னு ஒண்ணை விக்க பாப்பாங்க, எர்த்தை சரி பண்ண சொல்லுங்க. வண்டி ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுத்த விடாதீங்க, வெட்டாம சொருகற கப்ளர் தனியா கிடைக்குது. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பேட்டரி மைனஸை கழட்டச் சொல்லுங்க.

கெயின் நாப்பை பத்தியும் சொல்லிடறேன், கடையில அதை வால்யூம் மாதிரி முழுசா திருப்பி விட்டுடுவாங்க. அது செட்டோட சிக்னலையும் ஆம்ப்பையும் பொருத்தறதுக்கு இருக்கற நாப். ஸ்பீக்கர் ஒயரை ஆம்ப்ல இருந்து கழட்டிட்டு, ஈக்வலைசர் எல்லாம் ஜீரோல வெச்சு, செட்டு வால்யூமை முக்கால்ல வெச்சு, 0 டெசிபல்ல பதிவான 1,000 ஹெர்ட்ஸ் டோனை ஓட விட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல வெச்சு ஆம்ப் அவுட்டை அளங்க. 50 வாட்டை 4 ஓமால பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா 14.1, மீட்டர்ல 14 வந்தவுடனே நிறுத்துங்க. அப்புறம் ஸ்பீக்கரை மாட்டி முன்னாடிக்கு ஹை பாஸ் 60, 70 ஹெர்ட்ஸ்ல வெச்சா முடிஞ்சுது.

காசு கணக்கு கடைக்கு கடை மாறும், உத்தேசமா டேம்பிங் ஷீட்டு ரிங் கிளிப்புக்கு 4,000, காம்பொனென்ட் 7,000ல இருந்து 8,000, ஆம்ப் 9,000, ஒயர் கிட் 2,500, கூலி 3,000. செட்டு மாத்த வேண்டி வந்தா ஆம்ப்பையும் ஒயர் கிட்டையும் ரெண்டு மூணு மாசம் தள்ளி போடுங்க, கதவும் ஸ்பீக்கரும் முதல்ல. சென்னை வர்றப்ப வாங்கறதா இருந்தா மவுண்ட் ரோடு பக்கம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்ல கார் ஆக்சஸரி கடை வரிசையா இருக்கு, நாலு கடை ஏறி இறங்கி கேளுங்க. ஒயர், லக், ஃப்யூஸ் ஹோல்டர் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்ல பாருங்க. கடையில போர்டுல மாட்டி வெச்ச ஸ்பீக்கரை கேட்டு முடிவு பண்ணாதீங்க, அது கதவு இல்ல. உங்க பாட்டை பென் ட்ரைவ்ல எடுத்துட்டு போங்க, அதுவும் வாட்ஸ்அப்ல வந்த பாட்டு வேண்டாம், சிடில இருந்து எடுத்ததோ நல்ல பிட்ரேட்ல வாங்கினதோ. பேஸை தனியா ஏத்தி ரீமாஸ்டர்னு பேர் போட்டு சுத்தற ஃபைல் நிறைய இருக்கு, அதை வெச்சு செட்டிங் பண்ணினா மத்த பாட்டு எல்லாமே சொதப்பும்.

வேலைக்கு விடும்போது டேம்பிங் முடிஞ்ச கையோட டோர் பேடு மாட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க, இல்ல நேர்லயே போய் நில்லுங்க, பேடு மூடிட்டா உள்ள என்ன ஒட்டியிருக்காங்கன்னு யாராலயும் பாக்க முடியாது. கண்ணாடியை நாலஞ்சு தடவை ஏத்தி இறக்கி பாருங்க, ஒரு பாட்டில் தண்ணியை வெளிப்பக்கம் கண்ணாடி மேல ஊத்தி அடி ஓட்டை வழியா வெளிய வருதான்னு பாருங்க, அதுக்கப்புறம் காசு குடுங்க. செட்டு பின்னாடி ஆர்சிஏ எத்தனை ஜோடி இருக்குன்னு பாத்து சொன்னீங்கன்னா எந்த ஆம்ப் சரியா வரும்னு சொல்றேன்.